தண்டுவட நீரில் ஈஸ்ட்: அடையாளம் காண்பதும் எம்.ஐ.சி. வாசிப்பதும் (கேள்வி)

தேவிகா_டர்பன்

அனைவருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டாலில் நடுத்தர அளவிலான ஒரு லேப். மூளைக்காய்ச்சல் சந்தேகத்தோடு வரும் தண்டுவட நீரில் அடிக்கடி ஈஸ்ட் வருகிறது, பெரும்பாலும் எச்.ஐ.வி. நோயாளிகள். எங்களிடம் இருப்பவை: இந்தியா இங்க் (ஈஸ்ட்டைச் சுற்றிய கேப்சூல் உறையைக் காட்டும் கறுப்பு மை), கிரிப்டோகாக்கல் ஆன்டிஜன் ஸ்ட்ரிப் (மூளைக்காய்ச்சல் தரும் கிரிப்டோகாக்கஸ் ஈஸ்ட்டின் கேப்சூல் சர்க்கரையைப் பிடிப்பது), மால்டி-டாஃப் (புரோட்டீன்களை வைத்து இனத்தை அடையாளம் காணும் கருவி), சென்சிடைட்டர் ஈஸ்ட்ஒன் பிளேட் (எம்.ஐ.சி., அதாவது வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்துச் செறிவை, நிற மாற்றத்தால் காட்டுவது; வளர்ந்தால் இளஞ்சிவப்பு, இல்லையென்றால் நீலம்). கீழ்க்கண்டவற்றில் தெளிவு வேண்டும்.

சில மாதிரிகளில் ஆன்டிஜன் பாசிட்டிவ், ஆனால் இங்க் நெகட்டிவ், கல்ச்சரிலும் 5 நாளாகியும் ஒன்றுமில்லை. அதை எப்படிப் பார்ப்பது, எத்தனை நாள் வைத்திருப்பது?

கொழகொழவென்ற காலனிகளில் மால்டி ஸ்கோர் 1.7-ஐத் தாண்டுவதில்லை. கிரிப்டோகாக்கஸ் இனங்களில் நியோஃபார்மன்ஸா கேட்டியையா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஈஸ்ட்ஒன் பிளேட்டில் 24 மணி நேரத்தில் கன்ட்ரோல் குழியே நீலமாக நிற்கிறது. 72-வது மணியில் ஃப்ளூகோனசோல் எம்.ஐ.சி. 16 (லிட்டருக்கு மி.கி.) என்று வந்தால் வார்டிலிருந்து கேட்கும் ஒரே கேள்வி, "மருந்து கேட்குமா, கேட்காதா?" கேஸ்போஃபஞ்சின் 8-க்கு மேல் காட்டுகிறது. அதையும் ரிப்போர்ட்டில் போடுவதா?

லோட்ஷெட்டிங் நேரத்தில் இன்குபேட்டர் வெப்பம் இறங்கினால் அந்த பிளேட்டை நம்பலாமா என்பதையும் யாராவது சொல்லுங்கள்.

கதிரேசன்_ஜோபர்க்

வணக்கம் தேவிகா. முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். எம்.ஐ.சி. பற்றி மற்றவர்கள் நன்றாகச் சொல்வார்கள்.

ஆன்டிஜன் பாசிட்டிவ், கல்ச்சர் நெகட்டிவ் என்றால் ஸ்ட்ரிப்பைச் சந்தேகிப்பதற்கு முன் நோயாளியின் வரலாற்றைக் கேளுங்கள். இந்த நாட்டில் 2016 முதல் சி.டி.4 (எச்.ஐ.வி. அழிக்கும் வெள்ளணு) எண்ணிக்கை மிகக் குறைந்திருந்தால் அதே ரத்தத்தில் ஆன்டிஜனையும் பார்த்துவிடுகிறார்கள். ஆகவே லம்பார் பங்ச்சருக்கு (முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுப்பது) முன்பே ஃப்ளூகோனசோல் தொடங்கிய நோயாளிகள் கணிசமாக இருப்பார்கள். இன்னொரு வகை, ஏற்கெனவே சிகிச்சை முடித்தவர்கள். செத்த ஈஸ்ட்டின் கேப்சூல் சர்க்கரை மாதக்கணக்கில் தண்டுவட நீரில் கிடக்கும், ஸ்ட்ரிப் அதையும் பிடிக்கும். அதனால்தான் நோய் திரும்பியதா என்பதை ஆன்டிஜனை வைத்தோ டைட்டரை (எத்தனை மடங்கு நீர்த்தும் பாசிட்டிவ் என்ற எண்ணை) வைத்தோ முடிவு செய்யக் கூடாது. அங்கே பேச வேண்டியது கல்ச்சர்.

மூன்றாவது காரணம் நம் பக்கத்தில் இருக்கிறது: அளவு போதாமை. 1 மி.லி.யில் செல் எண்ணிக்கை, புரோட்டீன், குளுக்கோஸ், பாக்டீரியா கல்ச்சர் எல்லாம் முடித்து, மிச்சச் சொட்டில் பூஞ்சை தேடினால் குறைவான எண்ணிக்கை தப்பிவிடும். பூஞ்சைக்கென்று குறைந்தது 3 மி.லி., முடிந்தால் 5 மி.லி.க்கு மேல் கேளுங்கள். 1,500 ஜி-யில் 10 நிமிடம் சுற்றி, மேல்நீரை எடுத்து ஆன்டிஜனுக்கு வையுங்கள். அடியில் அரை மி.லி. விட்டுக் கலக்கி, அதில் ஒரு சொட்டு இங்க்குக்கு, மீதி முழுவதும் கல்ச்சருக்கு. மாதிரி இரவு தங்க நேர்ந்தால் ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், அறை வெப்பமே போதும்.

மீடியா விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. சைக்ளோஹெக்சிமைடு கலந்த சபூரோ அகாரில் கிரிப்டோகாக்கஸ் வளராது. டெர்மடோஃபைட்டுக்காக வாங்கி வைத்த பிளேட்டை யாராவது அவசரத்தில் எடுத்துப் போட்டால் "வளர்ச்சி இல்லை" என்று பொய்யான ரிப்போர்ட் போகும். குளோராம்ஃபெனிகால் மட்டும் கலந்தது சரி. 30 டிகிரியில் ஒன்று, 35-ல் ஒன்று. வழக்கமாக 3 முதல் 5 நாளில் காலனி தெரியும். ஆனாலும் 14 நாள் வையுங்கள். மருந்து எடுத்தவர் என்று தெரிந்தால் 4 வாரம். 5 நாளில் குப்பையில் போடுவது சீக்கிரம்.

இங்க்கைப் பொறுத்தவரை, ஒரு சொட்டு மாதிரியும் ஒரு சிறு சொட்டு இங்க்கும். கவர் ஸ்லிப் போட்ட பிறகு ஸ்லைடை அச்செழுத்தின் மேல் வைத்தால் எழுத்து மங்கலாகப் படிக்க முடிய வேண்டும். முழுக் கறுப்பாக இருந்தால் இங்க் அதிகம், கேப்சூல் தெரியாது. வெறும் வெள்ளை வட்டத்தைப் பார்த்து பாசிட்டிவ் எழுதுவதுதான் பொதுவான தவறு. வெள்ளணுக்களைச் சுற்றியும் வெளிச்ச வளையம் வரும், காற்றுக் குமிழும் அப்படித்தான் தெரியும். தடித்த, இரட்டைக் கோடாக ஒளிரும் செல்சுவர், உள்ளே துகள்கள், குறுகிய கழுத்தில் மொட்டு, அதைச் சுற்றிக் கூர்மையான ஓரம் கொண்ட வளையம் என்று எல்லாம் சேர்ந்தால்தான் எழுதலாம். வாரம் ஒருமுறை இங்க்கை மட்டும் தனியாக ஒரு ஸ்லைடில் பாருங்கள். பாட்டிலுக்குள்ளேயே ஈஸ்ட் வளர்ந்திருப்பது அபூர்வமல்ல.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. இங்க்கில் ஈஸ்ட் மொய்க்கிறது, ஸ்ட்ரிப்பில் கோடு மங்கல் அல்லது நெகட்டிவ். அது புரோசோன், ஆன்டிஜன் அளவுக்கு மீறி இருப்பதால் கோடு உருவாவதில்லை. 160 மைக்ரோலிட்டர் டைலுவெண்டில் 40 மைக்ரோலிட்டர் மாதிரி சேர்த்தால் 1:5. அதிலிருந்து பாதி பாதியாக இறக்கிக்கொண்டே போனால் கோடு பளிச்சென்று வரும். ஸ்ட்ரிப்பை 10 நிமிடத்தில் வாசியுங்கள். காய்ந்த பிறகு எடுத்துப் பார்ப்பது வாசிப்பே அல்ல.

மல்டிப்ளெக்ஸ் பி.சி.ஆர். பேனல் வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: எண்ணிக்கை குறைந்த மாதிரியிலும், மருந்து தொடங்கிய பின்னும் அது கிரிப்டோகாக்கஸைத் தவறவிடும். பேனல் நெகட்டிவ் என்று ஆன்டிஜன் பரிசோதனையை நிறுத்தாதீர்கள்.

மாரியப்பன்_பி.எம்.பி.

மால்டிக்கு நான் சொல்றேன் தங்கச்சி. அந்த 1.7 பிரச்சினை மெஷினோடது இல்ல, கேப்சூலோடது. நேரா காலனியைத் தடவி ஃபார்மிக் ஆசிட் ஒரு சொட்டு விடுறது கேண்டிடாவுக்குப் போதும், இதுக்குப் போதாது. முழு எக்ஸ்ட்ராக்ஷன் பண்ணுங்க.

48 மணி நேரத்துக்கு மேல பழசாகாத காலனி எடுத்துக்குங்க. 300 மைக்ரோலிட்டர் சுத்தமான தண்ணியில நல்லா கலக்குங்க. ரொம்பக் கொழகொழப்பா இருந்தா இந்த இடத்துலயே ரெண்டு தடவை தண்ணியில கழுவி, சுத்தி, மேல்தண்ணியைக் கொட்டிடுங்க. அப்புறம் 900 மைக்ரோலிட்டர் எத்தனால். முழு வேகத்துல 2 நிமிஷம் சுத்தி எத்தனாலைக் கொட்டி, திரும்ப ஒருமுறை சுத்தி மிச்சத்தை பிப்பெட்டால உறிஞ்சி, நல்லா காய விடுங்க. எத்தனால் ஈரம் இருந்தா ஸ்கோர் விழும், நிறைய பேர் அவசரப்படுறது இங்கதான். காய்ஞ்சதுக்கு அப்புறம் 70 சதவீத ஃபார்மிக் ஆசிட் 25 முதல் 50 மைக்ரோலிட்டர், கலக்கிட்டு அதே அளவு அசிட்டோநைட்ரைல். 2 நிமிஷம் சுத்து. மேல இருக்கறதுல 1 மைக்ரோலிட்டர் டார்கெட்ல, காய்ஞ்சதும் 1 மைக்ரோலிட்டர் மேட்ரிக்ஸ். இப்படிப் பண்ணா 2.0 தாண்டணும். தாண்டலன்னா உங்க டேட்டாபேஸ்ல கேட்டியை எத்தனை இருக்குன்னு பாருங்க.

மால்டி வந்ததும் பழைய டெஸ்ட்டையெல்லாம் தூக்கிப் போட்டுட்டோம், அது சரியில்ல. யூரியேஸ் ஸ்லோப் ஒண்ணு, பறவை விதை அகார் ஒண்ணு எப்பவும் இருக்கட்டும். யூரியேஸ் பாசிட்டிவ்னா உடனே கிரிப்டோகாக்கஸ்னு எழுதிடாதீங்க. ட்ரைக்கோஸ்போரானும் ரோடோடோருலாவும் பாசிட்டிவ்தான். கார்ன் மீல் அகார்ல ட்ரைக்கோஸ்போரான் இழை விட்டுத் துண்டு துண்டா உடையும், கிரிப்டோகாக்கஸ் உருண்டையாவே நிக்கும். ரோடோடோருலா காலனி இளஞ்சிவப்பு.

பறவை விதை அகார்ல 30 டிகிரியில 3 முதல் 7 நாள்ல காலனி காப்பிக்கொட்டை நிறம் ஆகணும். ஆகலன்னா முதல்ல மீடியாவைச் சந்தேகப்படுங்க. குளுக்கோஸ் 0.1 சதவீதத்துக்கு மேல போனா மெலனின் நொதி அடங்கிடும், காலனி வெள்ளையாவே நிக்கும். ஒவ்வொரு பேட்ச்லயும் தெரிஞ்ச நியோஃபார்மன்ஸ் ஒண்ணு, கேண்டிடா அல்பிகன்ஸ் ஒண்ணு போட்டுப் பாருங்க.

நியோஃபார்மன்ஸா கேட்டியையான்னு பிரிக்க சி.ஜி.பி. அகார். கேனவனின், கிளைசின், புரோமோதைமால் புளூ, அவ்வளவுதான். கேட்டியை வளர்ந்து 1 முதல் 5 நாள்ல மீடியாவை நீலமாக்கும், நியோஃபார்மன்ஸ் மஞ்சள்பச்சையா விட்டுடும். முதல்ல கிரிப்டோகாக்கஸ்னு உறுதி பண்ணிட்டுத்தான் இதுல போடணும், வேற சில ஈஸ்ட்டும் நீலமாக்கும். அபூர்வமா நியோஃபார்மன்ஸே நீலம் காட்டறதும் உண்டு. சந்தேகம்னா ஐ.டி.எஸ். (பூஞ்சை இனத்தைக் காட்டுற டி.என்.ஏ. பகுதி) சீக்வென்ஸ்தான்.

டாக்டர்_இளவேனில்

கேட்பவருக்கு முதலில் ஒரு பதில்: முதல் தடவை வரும் கிரிப்டோகாக்கல் மூளைக்காய்ச்சலில் எம்.ஐ.சி. சிகிச்சையை மாற்றாது. 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது, அதே ஆண்டு வெளியான ஆம்பிஷன் ஆய்வின் முறை: லிபோசோமல் ஆம்ஃபோடெரிசின் கிலோவுக்கு 10 மி.கி. ஒரே டோஸ், அதோடு 14 நாள் ஃப்ளூசைட்டோசின் கிலோவுக்கு நாளொன்றுக்கு 100 மி.கி., ஃப்ளூகோனசோல் நாளொன்றுக்கு 1,200 மி.கி. தென்னாப்பிரிக்காவும் அந்த ஆய்வில் இருந்தது. எம்.ஐ.சி. 4 வந்தாலும் 16 வந்தாலும் அன்று தொடங்க வேண்டியது இதுதான். 72 மணி நேரம் காத்திருந்து மருந்து தேர்ந்தெடுக்கும் நோய் இதல்ல.

அது பயன்படும் இடம் மறுவருகை. தலைவலியோடு திரும்பி வருகிறவரில் முதலில் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டாரா, காசநோய்க்கு ரிஃபாம்பிசின் எடுக்கிறாரா (ஃப்ளூகோனசோல் அளவைக் குறைக்கும்), ஏ.ஆர்.வி. (எச்.ஐ.வி. மருந்து) எப்போது தொடங்கினார் என்று பார்க்கிறோம். கல்ச்சர் வளரவில்லை, ஏ.ஆர்.வி. புதிதாகத் தொடங்கியிருக்கிறது என்றால் அது நோயெதிர்ப்பு மீள்வில் வரும் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். வளர்ந்தால் மட்டுமே எதிர்ப்புத் திறன் பற்றிய கேள்வி. அப்போது லேப் எங்களுக்குத் தரக்கூடிய மிகப் பெரிய உதவி, முதல் தடவை வளர்ந்த அதே ஈஸ்ட்டைப் பக்கத்தில் வைத்துச் சோதிப்பது. ஆகவே தண்டுவட நீரில் வளர்ந்த ஒவ்வொன்றையும் 20 சதவீத கிளிசராலில் மைனஸ் 70-ல் பத்திரப்படுத்துங்கள்.

கேஸ்போஃபஞ்சின் எண்ணைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள். எக்கினோகேண்டின்கள் (கேஸ்போஃபஞ்சின், மைக்காஃபஞ்சின், அனிடுலாஃபஞ்சின்) கிரிப்டோகாக்கஸை இயல்பிலேயே தொடாதவை, மூளைக்குள்ளும் சரியாகப் போகாதவை. ஒரு பட்டியலில் எண் இருந்தால் இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் அதிலிருந்து தேர்ந்தெடுத்துவிடுவார். லேப் மென்பொருளிலேயே கிரிப்டோகாக்கஸுக்கு அந்த மூன்று மருந்தையும் மறைத்துவிடுங்கள்.

சுப்பையா_ஏ.எஃப்.எஸ்.டி.

எம்.ஐ.சி. பகுதி என்னுடையது. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்ட்ஒன் பிளேட்டில் 24 மணி நேரத்தில் கன்ட்ரோல் நீலமாக நிற்பது கோளாறு அல்ல. கேண்டிடாவுக்குத்தான் 24. கிரிப்டோகாக்கஸ் மெதுவாக வளரும், நிறம் மாற்றும் அளவுக்கு அதன் இயக்கம் 72 மணி நேரத்தில்தான் சேரும். கன்ட்ரோல் குழி தெளிவாக இளஞ்சிவப்பு ஆகும்வரை எதையும் வாசிக்க வேண்டாம். கன்ட்ரோல் ஊதாவாக இருக்கும்போது வாசித்தால் எல்லா மருந்தும் அற்புதமாக வேலை செய்வதாகத் தெரியும். ஆம்ஃபோடெரிசினில் முதல் முழு நீலக் குழிதான் எம்.ஐ.சி. அசோல்களிலும் ஃப்ளூசைட்டோசினிலும், கன்ட்ரோலோடு ஒப்பிட்டால் நிறம் தெளிவாகக் குறையும் முதல் குழி. ஊதாக் குழிகளை நீலமாகும்வரை எண்ணிக்கொண்டே போனால் ஒன்றிரண்டு படி கூடுதலாக வரும்.

எண் தவறுவதில் பாதிக்கு மேல் இனாகுலத்தால் (குழியில் விதைக்கும் செல்களின் அளவால்) வருவது. கொழகொழப்பான செல்கள் கட்டிகட்டியாக நிற்கும், மெக்ஃபார்லண்ட் மீட்டர் (கலங்கலை அளப்பது) ஏமாறும். 48 மணி நேரக் காலனி, 1 மி.மீ.க்கு மேலான ஐந்து காலனிகள், 0.85 சதவீத உப்புநீரில் 15 நொடி வோர்டெக்ஸ், பெரிய கட்டிகள் அடங்கும்வரை நிறுத்தி வைத்து, பிறகு 0.5 மெக்ஃபார்லண்ட். இதில் மி.லி.க்கு 10 லட்சம் முதல் 50 லட்சம் செல் இருக்கும். ஈஸ்ட்ஒன்னில் அதிலிருந்து 20 மைக்ரோலிட்டரை 11 மி.லி. குழம்பில் விட்டு, குழிக்கு 100 மைக்ரோலிட்டர். சி.எல்.எஸ்.ஐ. (அமெரிக்க ஆய்வகத் தரநிலை அமைப்பு) முறையில் நீங்களே பிளேட் போட்டால் 50-ல் ஒன்று, பிறகு 20-ல் ஒன்று என்று இறக்கி, குழியில் ஏற்கெனவே இருக்கும் 100 மைக்ரோலிட்டர் மருந்தோடு சமமாகச் சேர்க்க, கடைசியில் மி.லி.க்கு 500 முதல் 2,500 செல். இந்த சி.எல்.எஸ்.ஐ. பிளேட்டைச் சரிபார்ப்பது எளிது: விதைத்த உடனே கன்ட்ரோல் குழியிலிருந்து 10 மைக்ரோலிட்டர் எடுத்து அகாரில் பரப்பினால் 5 முதல் 25 காலனி வர வேண்டும். 80 வந்தால் அந்த பிளேட்டின் ஃப்ளூகோனசோல் எண் பயனற்றது. இதை ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்கிறேன், செலவு அரை பிளேட்தான்.

சொந்தமாக பிளேட் போடுகிறவர்களுக்குச் சில: ஆர்.பி.எம்.ஐ. 1640, குளுட்டமின் உண்டு, பைகார்பனேட் இல்லை, 0.165 மோலார் மாப்ஸ், பி.எச். 7.0. பி.எச். இறங்கினால் ஆம்ஃபோடெரிசின், அசோல் இரண்டின் எம்.ஐ.சி.யும் ஏறும். மருந்துப் பொடி சுத்தமானதாக, வீரியச் சான்றோடு வாங்க வேண்டும். மாத்திரையைப் பொடிப்பதும் ஊசி மருந்தைக் கலப்பதும் கூடாது, சேர்மானங்கள் கணக்கைக் கெடுக்கும். எடை = கன அளவு × செறிவு ÷ வீரியம். மி.லி.க்கு 5,120 மைக்ரோகிராம் ஸ்டாக் 10 மி.லி. வேண்டும், வீரியம் மி.கி.க்கு 980 மைக்ரோகிராம் என்றால் 52.2 மி.கி. நிறுக்க வேண்டும். ஃப்ளூகோனசோலும் ஃப்ளூசைட்டோசினும் தண்ணீரில் கரையும், ஆம்ஃபோடெரிசினும் வோரிகோனசோலும் டி.எம்.எஸ்.ஓ.வில். குழியில் டி.எம்.எஸ்.ஓ. 1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஆம்ஃபோடெரிசினை வெளிச்சத்தில் வைக்காதீர்கள்.

72 மணி நேரம் என்பதால் ஆவியாதல் பெரிய எதிரி. ஜோபர்க் குளிர்காலக் காற்றில் ஓரக் குழிகள் சுருங்கி மருந்து செறிவாகிவிடும். மூடிய டப்பாவில் ஈரத் திசுக்காகிதம் வைத்து அதற்குள் பிளேட்டை வையுங்கள். டர்பனில் தலைகீழ்ப் பிரச்சினை. கோடையின் ஈரக் காற்றில் பூசணம் புகுந்து, நடுவில் ஒரே குழி மட்டும் வளர்ந்து நிற்கும். அப்படித் தாண்டி நிற்கும் குழி ஒன்றென்றால் அதைத் துடைத்தெடுத்து அகாரில் போட்டுப் பாருங்கள். இரண்டு குழி என்றால் முழுவதையும் மறுபடி செய்யுங்கள்.

தரக் கட்டுப்பாட்டுக்கு கேண்டிடா பாராப்சிலோசிஸ் ஏ.டி.சி.சி. 22019, கேண்டிடா குருசை ஏ.டி.சி.சி. 6258. சி.எல்.எஸ்.ஐ. முறையில் 24 மணி நேரத்தில் ஃப்ளூகோனசோல் முதலாவதில் 0.5 முதல் 4, இரண்டாவதில் 8 முதல் 64. இவை 24 மணியில் சரியாக வந்தால்தான் உங்கள் 72 மணி எண்ணுக்கு மதிப்பு.

இப்போது அந்த 16. ஃப்ளூகோனசோலுக்கும் கிரிப்டோகாக்கஸுக்கும் சி.எல்.எஸ்.ஐ.யில் கேட்கும்/கேட்காது என்ற எல்லைக்கோடு கிடையாது. இருப்பது இயல்பு வகை எல்லை மட்டும், நியோஃபார்மன்ஸின் வி.என்.1 மரபணு வகைக்கு ஃப்ளூகோனசோல் 8. அதற்குள் இருந்தால் பிறவியில் உள்ளபடி இருக்கிறது, மேலே போனால் ஏதோ ஒரு எதிர்ப்பு வழியைப் பெற்றிருக்கலாம். நோயாளி குணமாவாரா என்று அது சொல்லாது. அந்த 8 குழம்பு முறைக்கான எண், ஈஸ்ட்ஒன்னுக்கு அப்படியே ஒட்ட வேண்டாம். கேட்டியையின் வி.ஜி.2 வகை இயல்பிலேயே உயர்ந்து நிற்கும், அதனால்தான் மாரியப்பன் அண்ணன் சொன்ன சி.ஜி.பி. முதலில் வர வேண்டும். ஒரு படி ஏற்ற இறக்கம் இந்த முறையின் இயல்பு. 8-க்கும் 16-க்கும் இடையில் சண்டை போடாமல் மறுபடி ஒருமுறை செய்யுங்கள்.

ரிப்போர்ட்டில் நான் எழுதும் வடிவம்: "ஃப்ளூகோனசோல் எம்.ஐ.சி. லிட்டருக்கு 16 மி.கி., முறை இது, வாசித்தது 72 மணியில். இந்த இனத்துக்குச் சிகிச்சை எல்லை நிர்ணயிக்கப்படவில்லை. முந்தைய மாதிரியின் எண் இத்தனை." எஸ் (கேட்கும்), ஆர் (கேட்காது) எழுத்து வேண்டாம். டாக்டர் இளவேனில் கேட்ட ஜோடிச் சோதனையில் பழையதையும் புதியதையும் ஒரே நாள், ஒரே லாட் பிளேட்டில் போட வேண்டும். நான்கு மடங்கு, அதாவது இரண்டு படி ஏறினால் பொருட்படுத்துங்கள். முன்பு 4, இப்போது 32 என்றால் தொலைபேசியில் கூப்பிட்டே சொல்லலாம்.

ஆனால் எண் ஏறாமலும் எதிர்ப்பு இருக்கும், இதுதான் சிக்கலான இடம். ஃப்ளூகோனசோல் அழுத்தத்தில் கூட்டத்தின் ஒரு சிறு பகுதி 1-வது குரோமோசோமை இரட்டித்துக்கொள்ளும். மருந்தின் இலக்கான ஈ.ஆர்.ஜி.11 மரபணுவும் மருந்தை வெளியே தள்ளும் ஏ.எஃப்.ஆர்.1 மரபணுவும் அதே குரோமோசோமில் இருப்பதால் இரண்டும் ஒரே அடியில் கூடிவிடும். மருந்தில்லாத அகாரில் இரண்டு மூன்று தடவை மாற்றி வளர்த்தால் அந்தக் கூடுதல் குரோமோசோம் போய்விடும், எம்.ஐ.சி. பழையபடி இறங்கும். அதனால் மறுவருகை நோயாளியின் ஈஸ்ட்டை வளர்த்து வளர்த்துச் சுத்தம் செய்துவிட்டுச் சோதிக்காதீர்கள். முதல் பிளேட்டிலிருந்தே எடுங்கள், ஒரு காலனியை மட்டும் நம்பாமல் பலவற்றைக் கலந்து எடுங்கள். ஈ-டெஸ்ட் பட்டையில் (மருந்துச் செறிவு படிப்படியாக ஏறும் பட்டை) வளர்ச்சியில்லாத நீள்வட்டத்துக்குள் பொடிப்பொடியாகக் காலனி நின்றால் அதைத் துடைத்துவிட்டு வாசிக்காமல் "வட்டத்துக்குள் குறுங்காலனிகள்" என்று எழுதுங்கள். ஃப்ளூசைட்டோசினைச் சேர்த்துக் கொடுத்தால் இந்தக் கூட்டம் தலைதூக்குவது அடங்குகிறது. தனியாக ஃப்ளூகோனசோல் மட்டும் கொடுப்பதன் ஆபத்து இங்கேதான். ஃப்ளூசைட்டோசினைத் தனியாகக் கொடுத்தாலும் அதே கதி, எதிர்ப்பு மிக வேகமாக வரும்.

ஆம்ஃபோடெரிசினில் எண்கள் 0.25 முதல் 1-க்குள் நெருக்கியடித்து நிற்கும். ஆர்.பி.எம்.ஐ. குழம்பில் எதிர்ப்பு உள்ளதும் இல்லாததும் சரியாகப் பிரியாது. 2 வந்தால் மறுபடி செய்து, அப்படியே நின்றால் என்.ஐ.சி.டி.யின் (தேசியத் தொற்றுநோய் நிறுவனம்) பூஞ்சையியல் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

லோட்ஷெட்டிங்: அனுமதி 35 டிகிரிக்கு மேல் கீழ் 2. இன்குபேட்டருக்குள் ஒரு டேட்டா லாகர் வையுங்கள், வெளித்திரையில் காட்டும் எண் போதாது. கதவைத் திறக்காமல் இருந்தால் இரண்டு மணி நேர வெட்டில் நல்ல இன்குபேட்டர் எவ்வளவு இறங்குகிறது என்பதை ஒருமுறை லாகரில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். கீழ்த்தட்டில் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டில்கள் வைத்தால் இறக்கம் மெதுவாகும். 33-க்குக் கீழே போயிருந்தால் மணியைக் கூட்டி ஈடுகட்டாதீர்கள், பிளேட்டைத் தள்ளிவிட்டு மறுபடி போடுங்கள்.

தேவிகா_டர்பன்

எல்லோருக்கும் நன்றி. மாரியப்பன் அண்ணா, அந்த எத்தனால் காயும் விஷயத்தை நாளைக்கே பார்க்கிறேன். சுப்பையா சார், காலனி எண்ணிக்கைச் சோதனையை எங்கள் நடைமுறை ஏட்டில் சேர்க்கலாம் என்று நினைக்கிறேன்.

இன்னும் இரண்டு. பச்சிளம் குழந்தைப் பிரிவிலிருந்து தண்டுவட நீரில் கேண்டிடா வந்தால் எதைக் கவனிக்க வேண்டும்? மூளைச் சீழ்க்கட்டியில் கறுப்புப் பூசணம் வந்தால்?

கதிரேசன்_ஜோபர்க்

கேண்டிடா: இங்கே பாராப்சிலோசிஸில் ஃப்ளூகோனசோல் எதிர்ப்பு நிறைய. இனம் தெரியாமல் எண்ணைப் படிக்க முடியாது. பாராப்சிலோசிஸுக்குச் சி.எல்.எஸ்.ஐ. எல்லை உண்டு: 2 வரை கேட்கும், 4 டோஸைப் பொறுத்தது, 8-ம் அதற்கு மேலும் கேட்காது. இன்னொன்று கேண்டிடா ஆரிஸ். பழைய உயிர்வேதியியல் கிட்கள் அதை ஹேமுலோனியை என்றும், ஏ.பி.ஐ. 20சி பட்டை ரோடோடோருலா குளுட்டினிஸ் என்றும் சொல்லும். இளஞ்சிவப்பு நிறமில்லாத "ரோடோடோருலா" வந்தால் உடனே மால்டியிலோ சீக்வென்ஸிலோ பாருங்கள், தொற்றுக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கும் சொல்லுங்கள். ஜெர்ம் டியூப் சீரத்தில் 37 டிகிரியில் 3 மணி நேரத்துக்குள் வாசித்து முடியுங்கள், அதற்கு மேல் விட்டால் டிராப்பிகாலிஸும் இழை விடும். அடியில் இறுக்கம் இருந்தால் அது ஜெர்ம் டியூப் அல்ல.

கறுப்புப் பூசணம்: முதலில் கேபினட். சீழை பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் போட்டதும் பழுப்பு நிறத் தடுப்புள்ள இழைகள் தெரிந்தால், வளரும் பிளேட்டை டேப்பால் ஒட்டிவிட்டு, பயோசேஃப்டி கேபினட்டுக்கு வெளியே எங்கும் திறக்காதீர்கள். கிளாடோஃபியாலோஃபோரா பான்டியானா நல்ல உடம்பு உள்ளவரின் மூளையையே தாக்கும். ஸ்லைடு கல்ச்சர் மேசை மேல் வைத்துச் செய்கிற விஷயம் அல்ல. ஆலிவ் சாம்பலாகத் தொடங்கிக் கறுக்கும் வெல்வெட் காலனி, கிளைகள் குறைந்த நீளமான கொனிடியாச் சங்கிலி. காற்றில் மிதந்து வந்து விழும் கிளாடோஸ்போரியத்தோடு குழப்பிக்கொள்ள வாய்ப்பு அதிகம். அதன் கொனிடியாவில் கறுத்த தழும்புகள் இருக்கும், 37 டிகிரியில் வளராது. பான்டியானா 40-லும் வளரும். 30, 37, 42 மூன்றிலும் ஒவ்வொன்று போட்டால் பாதி விடை கிடைத்துவிடும். உறுதிக்கு ஐ.டி.எஸ். சீக்வென்ஸ். அதற்கென்று எம்.ஐ.சி. எல்லை எதுவும் இல்லை. வோரிகோனசோல், போசகோனசோல் எண் பொதுவாகத் தாழ்வாக இருக்கும், ஆம்ஃபோடெரிசின் மாறிமாறி வரும். அறுவை சிகிச்சை முக்கியம், அதை டாக்டர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

திசுவில் அகலமான, ரிப்பன் போன்ற, தடுப்பு அரிதான இழை தெரிந்தால் அது மியூக்கர் வகை. திசுவை அரைக்காதீர்கள், அந்த இழை உடைந்து செத்துவிடும். கத்தியால் சிறுதுண்டாக்கி அகாரில் அழுத்திப் பதியுங்கள். வோரிகோனசோல் அதில் வேலை செய்யாது, அந்த ஒரு வரியை மட்டும் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லுங்கள், இனப்பெயர் பிறகு வரட்டும்.

மாரியப்பன்_பி.எம்.பி.

கதிரேசன் தம்பி சொன்னதோட ஒண்ணு சேர்த்துக்குங்க. இந்த ஊருக்கே உரிய எமர்கோமைசஸ் ஆஃப்ரிக்கானஸ் இருக்கு, 2013-ல அறிக்கை வந்தது, முத்தின எச்.ஐ.வி.யில உடம்பெல்லாம் தோல் புண்ணா வரும். பிளாஸ்டோமைசஸும் இங்க உண்டு, அது மூளைக்கும் போகும். ரெண்டும் 25 முதல் 30 டிகிரியில பூசணம், 37-ல ஈஸ்ட். தண்டுவட நீர்ல ஈஸ்ட் தெரியுது, ஆன்டிஜன் ஸ்ட்ரிப் டைலூட் பண்ணியும் நெகட்டிவ், 30 டிகிரி பிளேட்ல ரெண்டு வாரம் கழிச்சு வெள்ளையாப் பூசணம் கிளம்புதுன்னா அது கன்டாமினேஷன்னு குப்பையில போடாதீங்க, மூடியையும் திறந்து முகர்ந்து பார்க்காதீங்க. பிளேட்டா கூரியர்ல அனுப்பக் கூடாது. கேபினட்ல வெச்சு ஸ்க்ரூ மூடி ஸ்லோப்புக்கு மாத்தி, மூணடுக்குப் பேக்கிங்ல, "பூஞ்சை, இருவடிவம் சந்தேகம்"னு ரெக்வெஸ்ட் ஃபார்ம்ல பெருசா எழுதி அனுப்புங்க. வெறும் "ஈஸ்ட், ஐ.டி. தேவை"ன்னு எழுதினா அங்க பிரிக்கிறவர் மேசை மேலேயே வெச்சுப் பிரிச்சிடுவார்.